பூங்கோதையின் மைக்கில் ஒரு சொடுக்கு

ஜூன் 2, திங்கள்

மின்வாரியம் எனக்குக் கொடுத்த கடைசி டைரி இது. ஜனவரியிலிருந்து மே வரை மீட்டர் எண்களாக எழுதித் தள்ளியாகிவிட்டது. சனிக்கிழமை மாலையோடு பணி ஓய்வு. மிச்சப் பக்கங்களில் என்னத்தை எழுதுவது என்று நேற்று முழுக்க யோசித்தேன். இன்று விஷயம் தானாக வந்து சேர்ந்தது.

ஓசூரில் இருக்கும் மகள் சுகந்தி அவள் அம்மாவுக்கு ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறாள். சென்னையில் ஓர் ஒலிநூல் நிறுவனம். புத்தகங்களை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஆள் வேண்டுமாம். வயது தடையில்லை. மூன்று மாதிரிகள் அனுப்ப வேண்டும்: ஒரு கதைப் பகுதி, ஓர் உரையாடல், வாழையில் வாடல் நோய் பற்றி ஒரு கட்டுரை. கடைசி நாள் ஜூன் 30. தேறாவிட்டால் இரண்டு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

பூங்கோதை அதை நாலு தடவை படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். "அனுப்பிப் பாக்கட்டுங்களா?" என்றாள். ஐம்பத்து நாலு வயதில் அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கீழே பொடி எழுத்தில் இருந்த தொழில்நுட்ப விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பு இல்லாத இடங்களில் அறையின் சத்தம் மைனஸ் அறுபது டெசிபலுக்குள் அடங்க வேண்டும். அதாவது ஆள் வாய் மூடியிருக்கும்போது பதிவில் ஈ பறந்தாலும் கேட்கக் கூடாது. முப்பத்து நாலு வருடம் மீட்டர் சோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவனிடமே வந்து அளவு பேசுகிறார்கள். பேசட்டும்.

அதற்குள் அவள், "இல்லீங்க, சும்மாதான் கேட்டேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள்.

"வாசிக்கிறது உன் பொறுப்பு. மிச்சமெல்லாம் என் பொறுப்பு" என்றேன். தைரியம் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டுமல்லவா.

ஜூன் 4, புதன்

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள் பெனடிக்டின் கடை. ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டுவதிலிருந்து சர்ச்சுக்கு ஸ்பீக்கர் கட்டுவது வரை எல்லாம் அவரே செய்கிறார். விஷயத்தைச் சொன்னதும் பரணிலிருந்து ஒரு பழைய மைக்கை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

"வாசிக்கத்தானுங்களே சார்? இந்த டைனமிக் மைக் போதுங்க. பழசுதான், சர்ச்சுல ஆறு வருஷம் ஓடுச்சு. வாய்க்குப் பக்கத்துல பேசுறது மட்டுந்தான் இதுக்குக் கேக்கும். தெருவுல லாரியே போனாலும் கண்டுக்காது."

காது மந்தமான ஒன்றை வைத்துக்கொண்டு என்னத்தை அளப்பது? மீட்டர் என்றால் நுட்பமாக இருக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் கறுப்பாக, தடியாக நின்ற கண்டென்சர் மைக்கைக் காட்டினேன்.

"அது எல்லாத்தையும் கேக்குங்க சார். அடுத்த வீட்டு மிக்சி, காக்கா, நீங்க மனசுல நினைக்கிறது வரைக்கும்."

"கேக்கட்டும். எங்க வீட்டுல ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றேன்.

கண்டென்சர், அதற்கு மின்சாரம் கொடுத்து லேப்டாப்போடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி, கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்போன். மலிவான வகைதான், ஆனாலும் விலையைக் கோதையிடம் பாதியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கிளம்பும்போது பெனடிக்ட் அந்தப் பழைய மைக்கையும் பையில் போட்டார். "இருக்கட்டுங்க. புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க."

வீட்டில் கோதை முதலில் எடுத்துப் பார்த்தது பழையதைத்தான். கைக்கு அடக்கமாக இருக்கிறதாம். "அது ஸ்பேர்" என்று சொல்லி அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

முதல் பதிவு. நடு அறை. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தினேன். ஜன்னலுக்கு இரண்டு கம்பளி. கோதை மேசையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அவளுக்கு இரண்டடி பின்னால் ஹெட்போனோடு நான்.

போட்டுக் கேட்டால் ங்ங்ங் என்று ஓர் உறுமல். கோதை பயந்துவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன். உறுமல் நின்றது. எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் போட்டுக்கொண்டு பதிவு செய்தால் இப்படித்தான். பேட்டரியில் ஓட்ட வேண்டும். இதெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் இரண்டாவது முறை கேட்டபோது வேறொன்று. ஒரு சின்ன சொடுக்கு. ஐந்து நிமிடப் பதிவில் ஆறு இடத்தில். இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை, ஈரமான ஒரு சொடுக்கு. இதற்குக் கோளாறு எண் 1 என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஜூன் 7, சனி

சொடுக்கு. ஏழு இடத்தில்.

ஜூன் 9, திங்கள்

பல்லி என்று சந்தேகம். சத்தம் கிட்டத்தட்ட அதுதான். டியூப்லைட் சட்டத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. துடைப்பத்தோடு ஒரு மணி நேரம் போராடி வெளியேற்றினேன். கோதை கையில் தாளோடு காத்துக்கொண்டிருந்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க, அது ஒண்ணும் பண்ணல" என்று இரண்டு தடவை சொன்னாள். பல்லிமேல் என்ன கரிசனமோ.

பல்லி போன பிறகு பதிவு. சொடுக்கு எட்டு.

ஜூன் 10, செவ்வாய்

கோளாறு எண் 2. ஒவ்வொரு பத்தியையும் நன்றாகத்தான் தொடங்குகிறாள். நடுவில் சொல்லிவைத்தாற்போல் குரல் இறங்கிவிடுகிறது. அவள் இறக்கவில்லை, மைக்குக்குப் போகும் மின்சாரம் இறங்குகிறது என்பது என் கணிப்பு. கண்டென்சருக்கு நாற்பத்தெட்டு வோல்ட் வேண்டும். என் மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தாறுதான் வருகிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"கதையில அந்தப் பொண்ணு பேசுற இடத்த இன்னுங் கொஞ்சம் மெதுவா எடுக்கட்டுங்களா? அவ யோசிச்சுப் பேசுறா" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, விடுங்க. இப்படியே இருக்கட்டும்" என்றாள். அவளுக்கே பிறகு தெரிந்துவிடுகிறது.

ஜூன் 12, வியாழன்

கடைக்குப் போய் வேறு பெட்டி மாற்றிக் கேட்டேன். "நாப்பத்தாறு தாராளங்க சார்" என்றார் பெனடிக்ட். தாராளமாம். வாரியத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் மெமோ வந்திருக்கும். பிடிவாதமாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. படுக்கையறை பீரோ ஆவென்று திறந்து கிடந்தது. பட்டுப்புடவைகள் எல்லாம் முன்னால் தொங்கின. கோதைக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது, ஃபேன்கூடப் போடவில்லை.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"புடவை மடிக்கிறேங்க. மறுபடி எப்பக் கடைக்குப் போவீங்க?"

கருவிகளில் அவளுக்கு அக்கறை வந்திருப்பது எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சுகந்தி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் கோதை. "அம்மா, நீ கல்யாணத்துக்கு முந்தியே ரேடியோவுல தேறினவதானே. உனக்கு என்ன பயம்?" என்றாள் மகள்.

அது உண்மைதான். நிச்சயம் முடிந்த வாரத்தில் வானொலியிலிருந்து பகுதிநேர அறிவிப்பாளராக வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து என் கையில் கொடுத்தார். போகவில்லை. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

'ப', 'வ' வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதுகிறது. வாழைக் கட்டுரை முழுக்க வாழையும் வாடலும்தானே, படபடவென்று புயல் அடித்த மாதிரி இருந்தது. கடையில் இதற்கு விற்கும் வடிகட்டி வீண்செலவு. எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாவை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினேன். புயல் போயே போய்விட்டது.

சொடுக்கு போகவில்லை. ஒன்பது.

ஜூன் 18, புதன்

எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பெனடிக்டிடம் போனேன். அவர் வேறு கேபிள், வேறு பெட்டி, அவருடைய கம்ப்யூட்டர் என்று மாற்றி மாற்றி மாட்டி, பேப்பரை எடுத்துத் தங்கம் விலையை வாசித்தார். உச்சரிப்பு சகிக்கவில்லை. "வெள்ளி வெலை"யாம். நான் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

போட்டுக் கேட்டோம். அங்கேயும் சொடுக்கு. மூன்று.

பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், வீட்டுல ரெக்கார்டிங் ஓடும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"அவளுக்கு ரெண்டடி பின்னால. ஹெட்போன் போட்டுட்டு."

"ஒரு நாளைக்கு நீங்க வெளிய இருந்து பாருங்களேன்."

"கருவிய இயக்குறவன் வெளிய போயிட்டா கருவிய யார் பாக்குறது?"

"அதுவுஞ் சரிதானுங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் தர்க்கமாக யோசிக்கத் தெரியவில்லை. கேபிள் மாற்றியும் பெட்டி மாற்றியும் கம்ப்யூட்டர் மாற்றியும் சொடுக்கு வருகிறது என்றால் கோளாறு மாற்றாத பொருளில்தானே இருக்க வேண்டும்? மாறாமல் இருந்தது மைக் மட்டும்தான். ஆக, மைக்கில்தான் கோளாறு என்று நிரூபணமாகிவிட்டது.

வீட்டில் மறுபடியும் பீரோ திறந்து கிடந்தது. எத்தனை தடவைதான் மடிப்பாள்?

ஜூன் 21, சனி

நாலு நாளாகச் சாரல். கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் ஈரம் ஏறினால் பொரியும், சொடுக்கும். ஏன் எனக்கு இது முதலிலேயே தோன்றவில்லை?

வீடு முழுக்கத் தேடி, செருப்பு டப்பா, மாத்திரை டப்பா, சுகந்தி விட்டுப்போன கைப்பை என்று கிடைத்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் சேர்த்தேன். பதினேழு. முறுக்கு டப்பாவில் முறுக்கைக் காலி செய்து, பொட்டலங்களை அடுக்கி, மைக்கைத் துணியில் சுற்றி வைத்து மூடினேன். இரண்டு நாள் இருக்கட்டும். அரிசியில் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள் சிலர். தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும், செய்யக் கூடாது. கேபிளையும் கையில் இழுத்துச் சுற்றாமல் அதன் போக்கிலேயே வளையமாகச் சுற்றி வைத்தேன். பொருளைப் பேணத் தெரிந்தவனிடம்தான் பொருள் தங்கும்.

கோதை முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு நாளைக்குச் சும்மாதான் இருக்கணுமுங்களா? ஒம்பது நாள்தான் இருக்குதுங்க."

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

முறுக்கு டப்பா சிகிச்சைக்குப் பிறகு: பதினொன்று.

ஜூன் 24, செவ்வாய்

இன்று கோதை தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "நாப்பத்தஞ்சு தடவை வாடல் நோய் படிச்சாச்சுங்க. இந்நேரம் தோட்டமே செத்துருக்கும்."

"மைக் மேல கோவிச்சு என்ன ஆகப்போகுது?"

"மைக் மேல யாருங்க கோவிச்சா?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போதே உரையாடல் பகுதியை முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். காய்காரரிடம்கூடத் திருத்தமாகப் பேசுகிறாள். தேறாவிட்டால் இரண்டு வருடம். அப்போது ஐம்பத்தாறு. அதற்குப் பிறகு அவளுக்குக் கேட்கத் தோன்றுமா என்று தெரியவில்லை. அதற்காகத்தான் நானும் இந்தப் பாடுபடுகிறேன். ஒரு நாளாவது உட்கார்ந்து ஓய்வுபெற்ற மனுஷனாக இருந்திருக்கிறேனா?

ஜூன் 29, ஞாயிறு

வேறு வழியில்லை. ஐம்பத்தோராவது பதிவை எடுத்துக்கொண்டு லேப்டாப்பில் உட்கார்ந்தேன். சொடுக்கு பதினாலு. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து வெட்டி, வெட்டின இடத்தில் மௌனத்தை ஒட்டினேன். குரல் இறங்கின இடங்களைத் தூக்கிவிட்டேன். காலை எட்டுக்கு உட்கார்ந்தவன், சாயங்காலம் நாலுக்கு எழுந்தேன். கேட்டால், ரோட்டில் குழி தோண்டி மூடியது போல அங்கங்கே மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. அளவுகள் எல்லாம் சரி.

அவளுடைய மெயிலிலிருந்தே அனுப்பிவிட்டேன், தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு. கோதை முழுவதும் கேட்டுவிட்டு, "பரவாயில்லீங்க" என்றாள். பிறகு, "நாளைக்குக் கடைக்காரர்கிட்ட இரவல் வாங்குன கேபிளத் திருப்பிக் குடுக்கப் போறேன்னீங்களே, போறீங்கதானே?" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

கடைக்குப் போய்க் கேபிளைக் கொடுத்தேன். பழைய மைக்கையும் கொடுத்துவிடலாம் என்று காலையில் தேடினால் அலமாரியில் இல்லை. எங்கேயாவது இருக்கும், அப்புறம் பார்த்துத் தருகிறேன் என்று கோதை சொன்னாள்.

திரும்பினால் வழக்கம்போல் பீரோ. கோதை வேர்வையில் தலை நனைந்து, முகம் கழுவி, பளிச்சென்று இருந்தாள். மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். கடைசி நாள் கவலை போய்விட்டது போல.

ஜூலை 2, புதன்

அனுப்பியாகிவிட்டது என்பதற்காகக் கோளாறை விட்டுவிட முடியுமா? இன்று வெறும் அறையைப் பதிவு செய்வது என்று முடிவு. யாரும் வாசிக்க வேண்டாம். மைக் மட்டும் அரை மணி நேரம் ஓடட்டும், அது தானாகச் சொடுக்குகிறதா என்று பார்த்துவிடலாம். பத்து மணிக்கு ஆரம்பித்துவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்து பதிமூன்றுக்குக் காஸ் சிலிண்டர் வந்தது. கேட்டுக்கு வெளியே போய் எடை பார்த்து, வாஷரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பதினோரு நிமிடம். பதிவை நிறுத்தவில்லை.

முடிந்ததும் திரையில் ஒலி அலையின் கோட்டைப் பார்த்தேன். முதல் பதிமூன்று நிமிடத்தில் சொடுக்கு ஐந்து. அடுத்த பதினோரு நிமிடம் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு தூரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல்: "ஏனுங்க, மத்தியானத்துக்குக் கீரை கடையட்டுங்களா, சாம்பார் வைக்கட்டுங்களா?"

சொடுக்கு.

"சரி, ரசமே வெச்சர்றேன்."

இதை ஒன்பது தடவை போட்டுக் கேட்டேன். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி. பல்லி இல்லை. ஈரம் இல்லை. வோல்டேஜ் இல்லை. என் நாக்கு. உச்சுக் கொட்டியிருக்கிறேன். பேப்பரில் ஏதோ படித்து ஐந்து முறை, கீரைக்கு ஒரு முறை. எனக்கு ஒரு நினைவும் இல்லை.

பெனடிக்டிடமிருந்து வாங்கி வந்திருந்த தங்கம் விலைப் பதிவை எடுத்துக் கேட்டேன். "வெள்ளி வெலை"க்கு அடுத்த நொடி.

பிறகு ஐம்பத்தொரு பதிவுகளையும் திறந்தேன். ஒவ்வொரு சொடுக்குக்கு முன்னும் பின்னும் அவள் குரலின் அளவைக் குறித்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒவ்வொரு சொடுக்குக்கும் பிறகு குரல் மூன்று டெசிபல் இறங்குகிறது. சில இடத்தில் நாலு. அடுத்த பத்தியில்தான் மெல்ல ஏறுகிறது, ஏறினதும் மறுபடி ஒரு சொடுக்கு. கோளாறு எண் 1, கோளாறு எண் 2 என்று நான் தனித்தனியாகப் பெயர் வைத்தது ஒன்றேதான். மூன்று டெசிபல் என்றால் சும்மா இல்லை. சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

ரசம் நன்றாக இருந்தது. சாப்பிட முடியவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"என்னங்க?"

"நான் உச்சுக் கொட்டுறது."

"தெரியாம எப்படிங்க? கல்யாணமான மறுநாள்ல இருந்து கேக்குறேன்."

"மைக்குல அதுதான் விழுகுதுன்னு?"

"மொத நாளே தெரியும்." அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "கேபிளு, பெட்டி, பல்லின்னு ஓடியாடிட்டு இருந்தீங்க. ரிட்டயர் ஆன ஆளு, சும்மா உக்காந்தா இன்னும் சங்கடமாயிருமேன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பதிலுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவள்தான் முதலில் சிரித்தாள். வெங்காயத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரேடியோ லெட்டர் வந்தப்பவும் இதானா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நீங்க வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. அப்பா லெட்டரக் குடுத்தாரு, நீங்க படிச்சீங்க, ஒரு தடவை அப்படிப் பண்ணீங்க. மாப்பிள்ளைக்குப் பிடிக்கலை போலன்னு அவரு வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாரு. அவ்வளவுதான்."

அந்தக் கடிதத்தில் என்ன பிடிக்கவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில்லை. பிடிக்காமல் இருந்ததா என்றே தெரியவில்லை. ஒரு எழுத்துப் பிழையாகக்கூட இருந்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது. இதையும் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

ஜூலை 5, சனி

இன்று காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன். இருபத்து மூன்று. தெரிந்து செய்தவை நாலு. மிச்சத்தைக் கோதை எண்ணிச் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து மெயில். கோதை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஜூன் 29 அன்று வந்த மாதிரிகள்: அளவுகள் சரி, ஆனால் வாசிப்பில் தயக்கம், பல இடங்களில் வெட்டு, ஏற்க இயலாது. ஜூன் 30 அன்று அதே முகவரியிலிருந்து வந்த மாதிரிகள்: மிக நன்று, ஏற்கத்தக்கவை. ஆனால் இரண்டையும் வாசித்தவர் ஒரே நபராகத் தோன்றவில்லை. ஒருவர் பெயரில் வேறொருவர் வாசித்து அனுப்புவது உண்டு என்பதால் எழுத்துபூர்வமான விளக்கம் தேவை. தொழில்நுட்பப் பொறுப்பாளர் கையொப்பமிட்ட படிவத்தை இரண்டு நாளில் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

"முப்பதாந்தேதி நீ அனுப்பினியா?"

"நீங்க கேபிள் குடுக்கப் போனப்ப." அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பழைய மைக்குலதாங்க. நீங்க மாட்டுறதப் பாத்துப் பாத்துப் பழகிருச்சு. பீரோவத் தொறந்து வெச்சு, புடவைக்கு நேரா உக்காந்து வாசிச்சா எதிரொலி வரல. மொதல்ல ரெண்டு தடவை நீங்க பெட்டியோட கடைக்குப் போனப்ப போன்ல எடுத்தது சரியா வரல. மூணாவதுதான் அனுப்பினேன். தனியா அனுப்பினது தப்புங்களா?"

நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டேன். "போட்டுக் காட்டு" என்றேன்.

கதையில் வரும் அந்தப் பெண் பேசும் இடத்தை மெதுவாகத்தான் எடுத்திருக்கிறாள். யோசித்துப் பேசுகிற பெண். இருபத்தொன்பது வருடமாக எனக்குச் சோறு போட்டவளின் குரலா இது என்று இருந்தது. உரையாடலில் ஒரு கிழவரும் ஒரு போஸ்ட்மாஸ்டரும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேரும் கண்ணெதிரே நின்றார்கள். வாழைக் கட்டுரையில் இலை ஓரம் மஞ்சளாகித் தண்டோடு மடிந்து தொங்கும் இடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூஞ்சை நோய்க்குக் கண் கலங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அளவும் எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குரல் ஓர் இடத்திலும் இறங்கவில்லை.

"நானே எழுதிர்றேங்க" என்றாள் கோதை. "மைக்க மாத்திட்டோம், அதான் வித்தியாசம்னு. பொய்யில்லையே. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 9, புதன்

படிவத்தில் ஒரே கேள்விதான். மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம். கீழே மூன்று கோடு.

முதலில், 'கண்டென்சர் மைக்குக்குப் பதிலாக டைனமிக் மைக் பயன்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். உண்மைதான். அடித்தேன். பிறகு, 'சாரல் காரணமாக ஈரப்பதம்' என்று ஆரம்பித்தேன். அதுவும் முழுப் பொய் இல்லை. பாதியில் நிறுத்தினேன். மைக்கை மாற்றியதால் ஒருத்தி வேறு ஆளாகிவிடுவாள் என்று எந்தச் சோதனைக்கூடத்திலும் நம்ப மாட்டார்கள். இவர்களும் நம்பாவிட்டால் போவது என் மானம் இல்லை.

கோதை பக்கத்தில் வந்து நின்றாள். வேறு படிவம் ஒன்று அச்செடுத்து வரச் சொன்னேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் எழுதும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, பெயரையும் பழைய பதவியையும் எழுதி, அவளிடம் நீட்டினேன். அதைத்தான் அனுப்பினோம்.

"இரண்டு பதிவுகளிலும் வாசித்தது என் மனைவி பூங்கோதைதான். முதல் பதிவின்போது நான் அறையில் இருந்தேன். இரண்டாவது பதிவின்போது நான் இல்லை."